கப்பல் ஏறும் முன் மயாமியில் மூன்று நாள்: முதன்முறை போகிறவர்களுக்கு

கரீபியக் கடலுக்குக் குரூஸ் பதிவு செய்கிறவர்களில் பலர், கப்பல் கிளம்பும் அன்று காலையில் விமானத்தில் போய் இறங்கினால் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஓர் இரவு ஹோட்டல் காசு மிச்சம் என்று நினைப்பு. அந்தக் கணக்கு வேண்டாம். கப்பல் மாலை 4 மணிக்கு என்றால், ஏறுவதற்கான கடைசி நேரம் பெரும்பாலும் 2.30 அல்லது 3 மணி. பயணிகள் பட்டியல், கப்பல் நகர்வதற்கு 60 நிமிடம் முன்பே அமெரிக்க எல்லைக் காவல் துறைக்குப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு ஓடி வருகிறவரை ஏற்றிக்கொள்ளக் கப்பல்காரர்களே நினைத்தாலும் முடியாது. ஜனவரியில் சிகாகோவிலோ நியூவர்க்கிலோ பனி கொட்டி விமானம் ஐந்து மணி நேரம் தள்ளிப்போனால், கட்டிய மொத்தப் பணமும் கண்ணெதிரே கடலில் போய்விடும்.

ஆக, ஒரு நாளாவது முன்னால் போய்த்தான் ஆக வேண்டும். போவதுதான் போகிறோம், மூன்று நாளாக்கிக்கொண்டால் ஒரு நல்ல கடற்கரை ஊரையும் பார்த்துவிடலாம். மயாமி அதற்குத் தோதான இடம். 2024 நிதியாண்டில் மட்டும் இந்தத் துறைமுகத்தில் 82 லட்சத்துக்கும் அதிகமான குரூஸ் பயணிகள் ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஊர் முழுக்கவே கப்பலுக்குப் போகிறவர்களுக்குப் பழகிய ஊர்.

முதலில் துறைமுகத்தின் பெயரைப் பாருங்கள்

தென் ஃபுளோரிடாவில் பெரிய குரூஸ் துறைமுகங்கள் இரண்டு. ஒன்று, மயாமி நகரை ஒட்டி டாட்ஜ் தீவில் இருக்கும் போர்ட்மயாமி. மற்றது, வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி ஃபோர்ட் லாடர்டேலில் இருக்கும் போர்ட் எவர்கிளேட்ஸ். ஒரே நிறுவனத்தின் கப்பல்கள் இரண்டிலிருந்தும் கிளம்பும். பேச்சுவழக்கில் எல்லாமே ‘மயாமி குரூஸ்’தான். உங்கள் பயணச்சீட்டில் போர்ட் எவர்கிளேட்ஸ் என்று இருந்தால், ஃபோர்ட் லாடர்டேலிலேயே தங்கிவிடுங்கள். அங்கும் அருமையான கடற்கரை உண்டு, விமான நிலையமும் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் இங்கே எழுதுவது போர்ட்மயாமியில் ஏறுகிறவர்களுக்கு.

திரும்பி வரும் நாளுக்கான விமானத்தையும் இப்போதே யோசியுங்கள். கப்பல் விடியற்காலை கரைக்கு வந்தாலும், இறங்கி, பெட்டியெடுத்து, குடியேற்றச் சோதனை முடித்து வெளியே வரப் பொழுது ஏறிவிடும். மதியம் 12 மணிக்கு முந்தைய விமானம் எதையும் தொடாதீர்கள்.

பாஸ்போர்ட், விசா

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அமெரிக்காவில் வாழும் நம்மில் அதிகம். கப்பல் பஹாமாஸ், மெக்சிகோ என்று சுற்றிவிட்டு வந்தால், அது அமெரிக்காவுக்குள் மறுபடியும் நுழைவதாகும். அவர்களுடைய விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா, திரும்பும் தேதியில் காலாவதியாகாமல் இருக்குமா என்று பாருங்கள். கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்பதைக் கடைசித் தவணை கட்டும் முன்பே கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முகவர் வாய்வார்த்தையாகச் சொல்வது துறைமுகத்தில் எடுபடாது.

எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. விசா முத்திரை காலாவதியாகி, ஐ-797 என்ற ஒப்புதல் காகிதத்தை வைத்துக்கொண்டு கனடா, மெக்சிகோ போய் 30 நாளுக்குள் திரும்பிய நண்பர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சலுகை எச்-1பிக்குக் கரீபியத் தீவுகளில் கிடையாது. மாணவர் விசா போன்ற ஓரிரு வகைகளுக்கு மட்டுமே தீவுகளும் சேரும். முத்திரை செல்லுபடியாகாவிட்டால் குரூஸைத் தள்ளிப்போடுங்கள்.

அமெரிக்கக் குடிமக்கள், கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பும் பயணம் என்றால் பிறப்புச் சான்றிதழும் புகைப்பட அடையாள அட்டையும் வைத்தே போகலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. இருந்தாலும் குழந்தைகளுக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். நடுவில் ஒரு தீவில் உடம்புக்கு முடியாமல் இறங்க நேர்ந்தால், பாஸ்போர்ட் இல்லாமல் விமானம் ஏற முடியாது.

எந்த மாதம்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில் இதமாக, மழை குறைவாக இருக்கும். ஹோட்டல் விலையோ உச்சத்தில் இருக்கும். மார்ச்சில் கல்லூரிப் பிள்ளைகளின் வசந்த விடுமுறைக் கூட்டம் மயாமி பீச்சை நிறைத்துவிடும். 2024-ல் அந்தக் கூட்டத்தைக் கட்டுப்படுத்த நகராட்சி வார இறுதிகளில் வண்டி நிறுத்த 100 டாலர் வாங்கியது. குடும்பத்தோடு போகிறவர்கள் மார்ச்சைத் தவிர்க்கலாம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். கப்பல் விலை மலிவாகக் கிடைப்பதும் அப்போதுதான். அந்த மாதங்களில் பிற்பகல் தோறும் இடியும் மழையும் வந்து போகும். கடற்கரைக்குக் காலையில் போய்விடுங்கள். பயணக் காப்பீடு எடுப்பதானால், புயலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு அது செல்லாது.

எங்கே தங்குவது

மயாமி வேறு, மயாமி பீச் வேறு. இரண்டும் தனித்தனி நகராட்சிகள். மயாமி நகரம் நிலப்பகுதியில் இருக்கிறது. கிழக்கே பிஸ்கேன் விரிகுடா. அதைத் தாண்டி, கடலை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் மணல் தீவுதான் மயாமி பீச். துறைமுகத் தீவு இரண்டுக்கும் நடுவே, விரிகுடாவில் இருக்கிறது. இந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

டவுன்டவுனில் தங்கினால் துறைமுகம் பாலம் தாண்டினால் வந்துவிடும். ஆனால் அங்கே கடற்கரை கிடையாது. இருப்பது விரிகுடாத் தண்ணீரும் கண்ணாடிக் கட்டடங்களும். மூன்று நாள் கடற்கரைக்காகப் போகிறோம் என்றால் மயாமி பீச்தான். கடைசி இரவு மட்டும் துறைமுகத்துக்குப் பக்கமாக மாறிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தீவின் தென்முனையிலிருந்து துறைமுகத்துக்குச் சாதாரண நாளில் 15, 20 நிமிடம்தான். அதற்காகப் பெட்டிகளை மறுபடி கட்டி அவிழ்ப்பானேன்?

தெற்குப் பகுதியான சவுத் பீச்சில்தான் சந்தடி. ஓஷன் டிரைவ் மீதே இருக்கும் ஹோட்டல்கள் படத்தில் அழகாக இருக்கும். நள்ளிரவு தாண்டியும் கீழே பாட்டு அதிரும். பெரியவர்கள் கூட வந்தால் 5-ஆம் தெருவுக்குத் தெற்கே பாருங்கள், அல்லது வடக்கே மிட்-பீச் பக்கம் போங்கள். 1930-களின் ஆர்ட் டெக்கோ பாணியில் கட்டிய பழைய ஹோட்டல்களில் அறைகள் சின்னவை. இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது.

‘ரிசார்ட் ஃபீ’ என்று ஒன்று உண்டு. கடற்கரை நாற்காலி, வைஃபை என்று காரணம் சொல்லி இரவுக்கு 30 முதல் 50 டாலர் வரை வாங்குவார்கள். 2025 மே மாதம் முதல், இதையும் சேர்த்த மொத்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க விதி வந்துவிட்டது. ஆனாலும் பணம் கட்டும் பக்கத்தில் வரியோடு சேர்த்து என்ன வருகிறது என்று பார்த்துவிட்டே ஒப்பிடுங்கள்.

கார் தேவையில்லை

சவுத் பீச்சில் வாடகைக் கார் எடுத்தால், ஓட்டும் நேரத்தைவிட நிறுத்த இடம் தேடும் நேரம்தான் அதிகம். ஹோட்டலில் விட்டால் ஒரு இரவுக்கு 40 டாலருக்கு மேல் போகும். சுங்கச் சாலைகளில் காசு வாங்கும் கூண்டே கிடையாது. வண்டி எண்ணைப் படம் பிடித்து பில் வரும், வாடகை நிறுவனம் அதன்மேல் தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடும்.

விமான நிலையத்திலிருந்து நான்கு பேர், ஆறு பெட்டி என்றால் யூபரோ லிஃப்டோ போதும். பெரிய வண்டியாகக் கேளுங்கள். தனியாகவோ இருவராகவோ போகிறவர்கள், 150 எண் பேருந்தில் ஏறினால் நேராக மயாமி பீச். டவுன்டவுனில் தங்குபவர்கள் விமான நிலையத்திலேயே மெட்ரோரயில் ஆரஞ்சுத் தடத்தைப் பிடித்து, கவர்ன்மென்ட் சென்டரில் இறங்கி, மெட்ரோமூவருக்கு மாறலாம். டவுன்டவுனைச் சுற்றும் சிறு ரயிலான மெட்ரோமூவர் இலவசம். மயாமி பீச்சுக்குள் ஓடும் ‘டிராலி’ என்ற சிறு பேருந்தும் இலவசம். அப்பா அம்மாவை அதில் உட்கார வைத்துத் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய் வந்தாலே ஒரு மாலை ஓடிவிடும்.

கடற்கரையில்

மெரினாவில் கால் நனைத்துவிட்டுத் திரும்பியே பழகிய நமக்கு, நிஜமாகவே இறங்கிக் குளிக்கக்கூடிய கடல் இது. அலை சின்னது, தண்ணீர் ஆகஸ்டில் வெதுவெதுப்பு, ஜனவரியிலும் உறைய வைக்காது. ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது, வண்ண வண்ணமாக நிற்கும் உயிர்காப்போர் கூண்டில் பறக்கும் கொடியை. பச்சை என்றால் கடல் அமைதி. மஞ்சள், கவனம் தேவை. சிவப்பு, ஆபத்து. இரட்டைச் சிவப்பு, யாரும் இறங்கக் கூடாது. ஊதா பறந்தால் கொட்டும் உயிரினங்கள் இருக்கின்றன என்று பொருள்.

குளிர்மாதங்களில் ‘மேன் ஓ வார்’ என்ற ஜெல்லி மீன் போன்ற ஒன்று கரையொதுங்கும். நீலமும் ஊதாவுமாக, ஊதிய பலூன் கணக்காக மணலில் மினுமினுக்கும். குழந்தைகள் கண்டால் எடுக்கத்தான் ஓடுவார்கள். செத்துக் கிடந்தாலும் அதன் நூல் கொட்டும், தொட விடாதீர்கள். கோடையில் சர்காசம் என்ற பழுப்புப் பாசி ஒதுங்கி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆளைக் கடிக்காது, ஆனால் ஒரு காலைப் பொழுதைக் கெடுத்துவிடும்.

நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள். கூண்டுக்கு எதிரிலேயே குளிப்பது இன்னும் நல்லது.

வெயிலை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று மதியம் முழுக்கக் கிடந்தவர்கள், கப்பலில் முதல் இரண்டு நாள் தோள் எரிச்சலோடு அறையில் குப்புறப் படுத்திருப்பார்கள். சன்ஸ்கிரீன், தொப்பி, முழுக்கை நீச்சல் சட்டை. கண்ணாடிப் பாட்டிலும் மதுவும் மணலில் கூடாது. 2023 முதல் சிகரெட்டும் கூடாது. இன்னொன்று: சவுத் பீச்சில் மேலாடையின்றிப் படுத்திருப்பவர்களைப் பார்க்கலாம், கண்டும் காணாமல் போய்விட வேண்டியதுதான். வடக்கே ஹாலோவர் கடற்கரையின் ஒரு பகுதியில் உடையே கட்டாயமில்லை. ‘கூட்டமில்லாத பீச்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாமனார் மாமியாரோடு அங்கே போய் நிற்காதீர்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் அமைதியான தண்ணீர் வேண்டுமென்றால் கீ பிஸ்கேன் தீவில் பில் பேக்ஸ் பூங்காவுக்குப் போகலாம். 1825-ல் கட்டிய கலங்கரை விளக்கம் அங்கேதான் இருக்கிறது.

மாலை நேரம்: சவுத் பாயின்ட்

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று கேட்டால் நான் சொல்வது, தீவின் தென்முனையில் இருக்கும் சவுத் பாயின்ட் பூங்கா. துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகும் கவர்ன்மென்ட் கட் என்ற கால்வாய் அதை ஒட்டியே ஓடுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவின் வாலை வெட்டித் தோண்டிய வழி அது. வெட்டுண்டு தனியே நின்ற துண்டுதான் எதிரே தெரியும் ஃபிஷர் தீவு. வெள்ளி, சனி, ஞாயிறு மாலை 4 மணியளவில் அங்கே போய் உட்காருங்கள். பல மாடிக் கட்டடம் ஒன்று தானாக நகர்ந்து வருவது போலக் கப்பல் வரும், சத்தமே இல்லாமல். பக்கத்தில் வரவர, பால்கனியில் நிற்பவர் கையிலிருக்கும் கோப்பை வரை தெரியும். கரையில் தூண்டில் போட்டிருப்பவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் கை ஆட்டுவார்கள். கப்பல் ஒரு முறை ஊதும். அதற்குப் பின்னால் இன்னொன்று வரும்.

இதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. உங்கள் கப்பல் வெளியேறும்போது இந்தப் பூங்கா இடப்பக்கம் வரும். மேல்தளத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

அங்கிருந்து ஓஷன் டிரைவ் வழியாக வடக்கே நடந்தால் ஆர்ட் டெக்கோ கட்டடங்கள். 1926 சூறாவளி ஊரைச் சிதைத்த பிறகு, 1930-களில் எழுந்தவை பல. சன்னல்களுக்கு மேலே கான்கிரீட்டில் நீட்டியிருப்பதை இங்கே ‘புருவம்’ என்பார்கள். நம் ஊர் வீட்டு சன்ஷேடுதான், வளைவும் வண்ணமும் சேர்ந்திருக்கிறது. 1970-களில் இவற்றை இடித்துத் தள்ளப் பார்த்தபோது பார்பரா கேப்பிட்மேன் என்ற பெண்மணி ஆட்களைத் திரட்டி மல்லுக்கு நின்றார். 1979-ல் இந்தப் பகுதி தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் ஏறியது. விளக்குப் போட்ட பிறகு பாருங்கள்; நியான் வெளிச்சத்தில்தான் அவற்றுக்கு உயிர் வரும்.

பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அந்தத் தெருவில் சாப்பிட வேண்டாம். வாசலில் நின்று கூப்பிடும் கடைகளில் விலை போடாத பட்டியல், வாளி போன்ற கோப்பையில் பானம், பில்லில் ஏற்கெனவே சேர்த்துவிட்ட 18 அல்லது 20 சதவீத சேவைக் கட்டணம். அதைக் கவனிக்காமல் மேலே இன்னொரு டிப்ஸ் எழுதிவிட்டு வருகிறவர்கள் ஏராளம். மயாமியில் எந்தக் கடையிலும் கையெழுத்துப் போடும் முன் பில்லை முழுக்கப் படியுங்கள்.

சாப்பாடு

இது கியூபர்களின் ஊர். லிட்டில் ஹவானாவில் காலே ஓச்சோ தெருவுக்கு ஒரு காலையில் போங்கள். கடைச் சுவரில் ஒரு சன்னல் இருக்கும், அதுதான் காப்பிக் கடை. நடைபாதையிலேயே நின்று குடிக்க வேண்டும். ‘கொலாடா’ கேட்டால் சின்னக் கோப்பை நிறைய கடுங்காப்பியும், கூடவே விரல் நுனி உயரத்தில் நாலைந்து பிளாஸ்டிக் குப்பிகளும் தருவார்கள். முதலில் இறங்கும் சில சொட்டு டிகாஷனைச் சர்க்கரையோடு அடித்து நுரையாக்கி மேலே விட்டிருப்பார்கள். அது கூட வந்தவர்களுக்குப் பங்கு போட்டுக் குடிப்பதற்கு; ஒரே ஆள் குடித்தால் ராத்திரி தூக்கம் போய்விடும். பால் காப்பி வேண்டுமென்றால் ‘கஃபே கோன் லெச்சே’ என்று கேளுங்கள்.

சைவக்காரர்களும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மரவள்ளிக்கிழங்கு ‘யூக்கா’ என்ற பெயரில் கிடைக்கும். பழுத்த வாழையை வறுத்தால் ‘மதுரோஸ்’, காயை நசுக்கிப் பொரித்தால் ‘தோஸ்தோனெஸ்’. சோறும் கறுப்புப் பீன்ஸும் எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் பீன்ஸில் பன்றித் துண்டு போட்டு வேகவைக்கும் வழக்கம் இருக்கிறது. ‘கார்னே (இறைச்சி) வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் போல என்று நினைத்துக்கொள்வார்கள். கார்னே, போயோ, ஹமோன் மூன்றும் இல்லையே என்று தனித்தனியாகக் கேளுங்கள். கோழியும் பன்றித் தொடைக்கறியும் அப்போதுதான் கணக்கில் வரும்.

கப்பல் ஏறும் முந்தைய நாள் மட்டும் வயிற்றைச் சோதிக்காதீர்கள். ஏறும்போது உடல்நலக் கேள்விகள் கேட்பார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் தனியே அழைத்து விசாரிப்பார்கள், ஏற்றாமல் விடவும் அதிகாரம் உண்டு.

எவர்கிளேட்ஸ் வேண்டுமா

இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் மட்டும். எவர்கிளேட்ஸ் என்பது சதுப்புநிலத் தேசியப் பூங்கா. மேற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் அதன் ஷார்க் வேலி பகுதி. அங்கே 15 மைல் சுற்றுப்பாதையில் டிராம் போகும். பெயரில் சுறா இருந்தாலும் பாதையோரம் வெயில் காய்வது அலிகேட்டர் முதலைகள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தண்ணீர் வற்றி விலங்குகள் ஒரே இடத்தில் கூடும், கொசுவும் குறைவு. 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு இந்தத் தேசியப் பூங்காவில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு இது பொருந்தும் என்பதால் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

முந்தைய இரவும் ஏறும் நாளும்

பப்ளிக்ஸ் கடையிலோ வால்கிரீன்ஸிலோ சன்ஸ்கிரீனும் மெக்ளிசின் போன்ற குமட்டல் மாத்திரையும் வாங்கிவிடுங்கள். கப்பல் கடையில் விலை ஏறியிருக்கும். வேறு மருந்து சாப்பிடுகிற பெரியவர்களுக்கு மாத்திரை பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதையும் ஏற்ற விடமாட்டார்கள். சோதனையில் பிடித்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள். வீட்டில் செய்த புளிச்சோறும் போகாது. கடையில் வாங்கிப் பிரிக்காத முறுக்குப் பொட்டலம் போகும். இந்தியச் சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் பயணத்துக்குப் பல வாரம் முன்பே கப்பல் நிறுவனத்துக்கு எழுதிவிட வேண்டும்.

கப்பல் நிறுவனத்தின் செயலியில் பதிவை முடித்து, ஏறும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து, பெட்டிக்கான சீட்டுகளை அச்சிட்டு ஒட்டிவிடுங்கள். எந்த டெர்மினல் என்பது உங்கள் ஏறுசீட்டில் இருக்கும். ராயல் கரீபியன் நிறுவனத்துக்கு ‘ஏ’, நார்வீஜியன் நிறுவனத்துக்கு ‘பி’ என்று தனித்தனிக் கட்டடங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெட்டியோடு நடப்பது கஷ்டம். டிரைவரிடம் ‘துறைமுகம்’ என்று மட்டும் சொல்லாமல் டெர்மினல் எழுத்தையும் சொல்லுங்கள். மயாமி பீச்சிலிருந்து மெக்கார்தர் பாலம் வழியாக வந்து, 2014-ல் திறந்த சுரங்கப்பாதையில் நுழைந்தால் டவுன்டவுன் நெரிசல் இல்லாமல் தீவுக்கு வந்துவிடலாம். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ ஞாயிறு அன்று ஏறுகிறீர்கள் என்றால், அது மயாமி மாரத்தான் நாளா என்று பாருங்கள். அன்று காலை அந்தப் பாலத்திலேயே ஓடுவார்கள்.

டெர்மினல் வாசலில் போர்ட்டர்கள் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர் கொடுப்பது வழக்கம். அந்தப் பெட்டி சாயங்காலம்தான் அறைக்கு வரும். அதனால் பாஸ்போர்ட், மாத்திரை, நகை, போன் சார்ஜர், பிள்ளைகளின் நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துப் போர்ட்டரிடம் கொடுத்துவிட்டு வரிசையில் தவிக்கும் ஒரு குடும்பத்தை ஒவ்வொரு டெர்மினலிலும் பார்க்கலாம்.

உள்ளே போனதும் எல்லோரும் பஃபேக்கு ஓடுவார்கள். அறை தயாராகப் பெரும்பாலும் ஒன்றரை மணியாகும். அதற்குள் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள்: செயலியில் காணொளியைப் பார்த்து, உங்களுக்கு ஒதுக்கிய கூடுமிடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்டிப் பதிய வேண்டும். காணொளி பார்த்தாலே போதும் என்று உட்கார்ந்திருப்பவர்களை நாலு மணிக்கு ஒலிபெருக்கியில் அறை எண் சொல்லிக் கூப்பிடுவார்கள்.